எங்கட வளவு: பட்டிக்குறி வேலை

சனிக்கிழமை

சின்னம்மா, மாலை 5.40
புள்ள, தயிர்ச்சட்டி லேபிளுக்கு, எங்கள் மாடுகளுக்குச் சுடுகிற அப்பாவின் பட்டிக்குறியைப் போட்டுத் தா என்று கேட்டேனே, தொடங்கிவிட்டாயா? பொங்கலுக்கு முன் வேண்டும்.

நான், 5.52
தொடங்கிவிட்டேன் சின்னம்மா. மாமா வீட்டுப் பத்தியில் கிடந்த குறிக்கம்பியைப் படம் எடுத்து லப்டொப்பில் போட்டிருக்கிறேன்.

தம்பி, 5.53
தயிர் என்று பெரிதாக எழுதினால் போதாதா?

சின்னம்மா, 5.55
பக்கத்துக் கடைச் சட்டியிலும் தயிர் என்றுதான் எழுதியிருக்கிறது.

நான், 6.01
[படம்]
படம் திருத்துகிற கிம்ப்பில் கலர்ஸ் மெனுவுக்குப் போய் த்ரெஷோல்ட் கொடுத்தேன். குறியின் வில்லும் அம்பும் மட்டும் கறுப்பாக வரும் என்று பார்த்தால் கம்பியில் பிடித்த கறளும் நிழலும் சேர்ந்து கறுத்துவிட்டன. அண்ணன், ஆளிருக்கா?

அண்ணன் கட்டார், 6.14
இருக்கிறேன். அது அப்படித்தான் வரும். கம்பி எது, கறள் எது என்று த்ரெஷோல்ட்டுக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் நீ வைத்த அளவைவிட வெளிச்சமா இருட்டா என்று மட்டும் பார்க்கும். வெள்ளைத் தாளில் மார்க்கரால் கீறிய படம் என்றால் அருமையாகப் பிடிக்கும். இந்தக் கம்பிக்குச் சரிவராது.

தம்பி, 6.15
கோட்டுப்படம் கீறுகிற இன்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பிட்மெப் இருக்கிறதே. ஒரு அழுத்து, வேலை முடிந்தது.

அண்ணன் கட்டார், 6.19
முடியும், கறளையும் சேர்த்துக் கீறித் தரும். அதற்குள் ஓடுவது பொட்ரேஸ். அதுவும் படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுத்தான் ஓரத்தைப் பிடிக்கும். தேவையில்லாத புள்ளிகளை அழிக்கிற நேரத்துக்குள் கையால் கீறிவிடலாம். மொத்தமே ஒரு வில், ஒரு அம்பு.

அண்ணன் கட்டார், 6.26
இப்படிச் செய். இன்க்ஸ்கேப்பில் கம்பிப் படத்தை ஒரு லேயரில் போட்டு, ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, அந்த லேயரைப் பூட்டிவிடு. பூட்டாவிட்டால் நீ கீறக் கீறப் படம் இழுபடும். மேலே புது லேயர். அதில் பென் டூல், விசைப்பலகையில் பி (B). வில்லின் ஒரு நுனியில் ஒரு புள்ளி, அதிகம் வளைகிற நடுவில் ஒரு புள்ளி, மற்ற நுனியில் ஒரு புள்ளி. புள்ளி வைக்கும்போது விரலை எடுக்காமல் இழுத்தால் இரண்டு பக்கமும் கைப்பிடி வரும், வளைவை அதுதான் தீர்மானிக்கும். புதிதாகப் பழகுகிற எல்லாரும் ஓரத்தை ஒட்டி நெருக்கமாகப் புள்ளி வைப்பார்கள். அப்படி வைத்தால் வளைவு முழுக்க மேடு பள்ளமாகிவிடும். புள்ளி குறையக் குறையக் கோடு ஓடும்.

அண்ணன் கட்டார், 6.27
கம்பியின் இரண்டு ஓரத்தையும் கீறாதே. நடுவால் ஒரு கோடு போட்டு, கோட்டின் தடிப்பைக் கூட்டு. நுனி உருண்டு வர ரவுண்ட் கேப்.

மச்சாள் கல்லடி, 6.31
மச்சாள், அப்படியே எங்கள் குடிக்குறியையும் பக்கத்தில் போடலாமே, அழகாக இருக்கும்.

சின்னம்மா, 6.33
வேண்டாம் மகள். குடிக்குறி எங்கள் வம்சத்துக் குடிக்காரர் எல்லாருக்கும் பொது. அதைப் போட்டு நான் தயிர் விற்றால் நாளைக்குக் கோயில் கூட்டத்தில் கேள்வி வரும். அப்பாவின் சொந்தக் குறி மட்டும் போதும்.

நான், 8.47
[படம்]
கீறிவிட்டேன். கோடு வழவழவென்று ஓடுகிறது, எனக்கே பிடித்திருக்கிறது.

அண்ணன் கட்டார், 8.50
நல்ல கோடு.

பெரிய மாமா, 9.05
[குரல் செய்தி 0:21]

மச்சாள் கல்லடி, 9.08
அப்பா சொல்வதை எழுதுகிறேன்: "புள்ள, இது எங்கள் குறி இல்லை. எங்கள் அம்பு மாட்டின் தலைப் பக்கம் பார்க்கும். இது வால் பக்கம் பார்க்கிறது."

நான், 9.10
மாமா, கம்பிக்கு மேலேயே வைத்துத்தான் கீறினேன்.

அண்ணன் கட்டார், 9.13
மாமா சொல்வது சரி. கம்பியின் முகத்தைத்தானே படம் எடுத்தாய்? சுட்டால் இடமும் வலமும் மாறித்தான் தோலில் விழும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து எச் விசையை அழுத்து, திரும்பிவிடும்.

நான், 9.15
[படம்]
இப்போது?

பெரிய மாமா, 9.17
ஓம். இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 7.30
அடுத்தது சொரசொரப்பு. இப்படியே போட்டால் வங்கி விளம்பரக் குறி போல இருக்கிறது என்று சின்னம்மா சொல்கிறார். சுட்ட குறி என்று பார்த்ததும் தெரிய வேண்டுமாம். இன்க்ஸ்கேப்பில் பாத் எஃபெக்ட்ஸில் ரஃபன் என்று ஒன்று இருக்கிறது. போட்டேன், ஆனால் ஓரம் அப்படியே இருக்க, கோடே நெளிந்து போகிறது.

அண்ணன் கட்டார், 7.58
நீ வைத்திருப்பது நடுக்கோடு. ரஃபன் அந்தக் கோட்டில் புதுப் புள்ளிகளைச் சேர்த்து அங்குமிங்கும் தள்ளுகிறது, தடிப்பும் கூடவே நெளிகிறது. முதலில் பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடு. அப்போது கோட்டின் இரண்டு ஓரமும் உருவமாக மாறும். மறுகா ரஃபன் போட்டால் ஓரம் மட்டும் சொரசொரக்கும். ஸ்ட்ரோக் டு பாத் கொடுக்க முன் ஒரு பிரதி எடுத்து வை. பிறகு தடிப்பைக் கூட்டிக் குறைக்க முடியாது.

நான், 8.20
[படம்]

தம்பி, 8.21
வாள்பல்லு மாதிரி இருக்கிறதே. மாட்டுக்குக் குறி சுட்டார்களா, அறுத்தார்களா?

பெரிய மாமா, 8.40
[குரல் செய்தி 2:35]

மச்சாள் கல்லடி, 8.55
அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். இருமல், கோழிச் சத்தம் நீக்கி எழுதுகிறேன்:

"சுட்ட குறிக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிச் சொரசொரப்பு இருக்காது புள்ள. கம்பி செக்கச் செவேலென்று இருக்கும்போது வைக்கக் கூடாது, மயிர் பற்றிக்கொள்ளும். சிவப்பு அடங்கிச் சாம்பல் நிறத்துக்கு வரும்போதுதான் வைப்போம். வில்லும் அம்பும் ஒட்டுகிற மூலையில் இரண்டு பக்கச் சூடும் சேரும், அந்த இடம் மட்டும் பரந்து தடித்திருக்கும். கம்பி சரியாக அமராத இடத்தில் சூடு பிடிக்காது, அங்கே மயிர் திட்டுத் திட்டாகத் திரும்ப முளைக்கும். ஓரம் ஒரு நாளும் கூராக இராது. பக்கத்து மயிர் வளர்ந்து ஓரத்தை மூடும், ஆகவே மங்கித்தான் தெரியும். பெரும்போகத்துக்கு வயல் விதைக்கத் தொடங்கினால் பட்டிகளை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விடுவோம். மயிலத்தமடு, மாதவணைப் பக்கமெல்லாம் ஊர்ப்பட்ட பட்டி கலந்து நிற்கும். அதற்குள் தூரத்திலிருந்தே எங்கள் மாட்டைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் குறி இரண்டு மூன்று கோட்டோடு நிற்கும். நீ ஓரத்தில் சித்திரம் போடாதே."

அண்ணன் கட்டார், 9.20
மாமாவை நாங்கள் இங்கே வேலைக்கு எடுக்கலாம். நான் பார்க்கிற விளம்பரப் போர்டுகளில் பழைய மாதிரி வேண்டும் என்று கேட்கிற எல்லாருக்கும் ஒரே ஃபில்டரைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அண்ணன் கட்டார், 9.34
சரி, ரஃபனை விடு. வழவழப்பான கோட்டை வைத்துக் கிம்ப்பில் செய்வோம். லேபிளில் குறி எவ்வளவு அகலம்?

சின்னம்மா, 9.36
ஆறு சென்ரிமீற்றர்.

அண்ணன் கட்டார், 9.49
300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, 6 சென்ரிமீற்றர் என்றால் 709 பிக்சல் போதும். வேலை செய்ய அதைப்போல் இரண்டு மடங்கில், 1418 அகலத்தில் எக்ஸ்போர்ட் செய். பின்னணி வெள்ளையாக இருக்கட்டும், ஒளிபுகும் பின்னணி வேண்டாம். கிம்ப்பில் திறந்து லேயரை டூப்ளிகேட் செய்து பிரதியில் வேலை பார். 2025 மார்ச்சில் வந்த 3.0 இல் ஃபில்டரைப் பிறகும் திறந்து திருத்தலாம். உன்னிடம் பழைய 2.10 இருந்தால் போட்டது போட்டதுதான்.

மறுகா ஃபில்டர்ஸில் நொய்ஸ், அதற்குள் ஸ்ப்ரெட். ஓரப் புள்ளிகள் அங்குமிங்கும் சிதறும், மணல் தெளித்தது போல அசிங்கமாகத் தெரியும், பயப்படாதே. அதன் மேல் கோசியன் ப்ளர் கொடு. சிதறியது எல்லாம் கரைந்து ஓரம் மங்கலாகும். கடைசியாகக் கலர்ஸில் லெவல்ஸ். கறுப்புப் பிடியையும் வெள்ளைப் பிடியையும் நடுவுக்கு நெருக்கிக் கொண்டுவா. மங்கல் இறுகி ஒழுங்கில்லாத ஓரமாகும். த்ரெஷோல்ட் கொடுத்தாலும் இதே மாதிரி வரும், ஆனால் ஓரத்தில் படிக்கட்டு விழும். லெவல்ஸில் கொஞ்சம் சாம்பல் மிஞ்சும், அது நல்லது.

நான், 9.55
திட்டுத் திட்டாக மயிர் முளைத்த இடம்?

அண்ணன் கட்டார், 10.02
லெவல்ஸுக்கு முன் அதைச் செய்ய வேண்டும். மேலே புது லேயர், ஃபில்டர்ஸ், ரென்டர், நொய்ஸ், சொலிட் நொய்ஸ். மேகம் மாதிரி வரும். லேயர் மோடை ஸ்க்ரீன் ஆக்கி ஒபாசிட்டியைக் குறை. மேகம் வெளுத்த இடத்தில் கறுப்பும் வெளுக்கும். ஆனால் ஸ்க்ரீன் வெளுக்க மட்டும் செய்யும், கறுப்பாக்காது. அதனால் மூலை தடிப்பதற்கு, மேர்ஜ் செய்ய முன்பே கோட்டு லேயரில் மென்மையான பிரஷ்ஷால் கறுப்பைக் கையால் வை. அந்த இடத்துக்கு ஃபில்டரை நம்பாதே, மாமா சொன்ன மூலை எது என்று அதற்குத் தெரியாது. பிறகு மேர்ஜ் செய்து லெவல்ஸ்.

நான், பிற்பகல் 2.16
[படம்]
மாமா, பாருங்கள்.

பெரிய மாமா, 2.31
மூலை நல்லம். அம்பு நுனியில் ஏன் இவ்வளவு பொட்டு?

அண்ணன் கட்டார், 2.40
மேகத்தின் வேலை. புள்ள, அந்தச் சின்னப் பொட்டுகளை வெள்ளைப் பிரஷ்ஷால் அழி. ஆறு சென்ரிமீற்றரில் அச்சடித்தால் அவை பிரின்டர் அழுக்கு என்றுதான் நினைப்பார்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதே. சரியான அளவில் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, கைநீட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்.

மச்சாள் கல்லடி, 2.44
மாமி, லேபிளைச் சட்டியில் ஒட்டினால் நிற்குமா? மண்சட்டி கசியும், பசை விட்டுவிடும்.

சின்னம்மா, 2.50
அதுதான் எனக்கும் யோசனை. வாயில் கட்டுகிற கடதாசியில் சீல் குத்தினால் என்ன? லேபிளை பிளாஸ்ரிக் கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான், 2.52
அப்படியென்றால் இந்தச் சொரசொரப்புப் படத்தையே சீல்காரரிடம் கொடுத்துவிடவா?

அண்ணன் கட்டார், 3.05
கொடுக்காதே. ரப்பரும் மையும் கடதாசியும் சேர்ந்தாலே தானாகச் சொரசொரக்கும். நீ ஏற்கெனவே சிதைத்த ஓரத்தில் மை தேங்கினால் மொத்தமும் அடைபட்டுவிடும். சீலுக்கு வழவழப்பான கோடு, கப் லேபிளுக்குச் சொரசொரப்பான படம். சீலுக்குத் திருப்பவும் வேண்டாம், அதை அவர்களே செய்வார்கள். கடதாசியில் எப்படி விழ வேண்டுமோ அப்படியே கொடு.

தம்பி, 3.07
ஒரு நாள் முழுக்கச் சொரசொரப்பாக்கிவிட்டு வழவழப்பானதைக் கொடுக்கிறோமா?

சின்னம்மா, 3.09
கப்பில் விற்கிற தயிரையும் நீதான் சாப்பிடுகிறாய் மனே.

நான், மாலை 4.22
[படம்]
பொட்டுகளை அழித்தாயிற்று. பிரிண்ட் எடுத்தும் பார்த்தேன், சுட்ட குறி மாதிரியே இருக்கிறது. வட்ஸ்அப்பில் இரண்டையும் போடுகிறேன், அச்சகத்துக்கு அனுப்புங்கள் சின்னம்மா.

அண்ணன் கட்டார், 4.24
படமாகப் போடாதே, வட்ஸ்அப் அதை நசுக்கிவிடும். டொக்கியுமென்டாக இணை. சீலுக்கு எஸ்விஜி கோப்பு, லேபிளுக்குப் பிஎன்ஜி கோப்பு.

நான், 4.30
[ஆவணம்] பட்டிக்குறி_சீல்
[ஆவணம்] பட்டிக்குறி_லேபிள்

சின்னம்மா, 4.33
சீல் திறக்க மாட்டேனென்கிறது.

அண்ணன் கட்டார், 4.34
உங்கள் போனில் திறக்காது சின்னம்மா. அப்படியே கடைக்காரருக்கு ஃபோர்வேர்ட் செய்யுங்கள்.

சின்னம்மா, 4.41
அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். கீழே போன் நம்பரும் வேண்டுமா என்று கேட்கிறார்.

பெரிய மாமா, 4.45
போடச் சொல். உன்னுடையதை, என்னுடையது வேண்டாம்.