புதுப்பிப்பு: கணக்கு வேலையை விட்டு மர வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன்

ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: கணக்கு வேலை அலுத்துவிட்டது, மனசெல்லாம் மர வேலையில்தான், விட்டுவிடலாமா என்று. "முதலில் வார இறுதியில் செய்து பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். அப்படியே ஒரு பட்டறையில் உதவிக்குச் சேர்ந்தேன்.

முதல் இரண்டு மாதம் உப்புத்தாள் தேய்ப்பதும் உளி தீட்டுவதும்தான். உளியின் பின்பக்கம் சமமாக இல்லாவிட்டால் முனையை எவ்வளவு தீட்டினாலும் சரியான கூர் வராது. அது கைக்குப் புரியவே மூன்று வாரம் ஆனது. அலுப்பாக இருந்ததா? இருந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். கணக்கு வேலையில் ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. எனக்கு இதுதான் பெரிய விடை.

ஆர்வம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு, விஷயம் கடினமானதும் ஈடுபாடு அதிகமாகக் குறைகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ஓகீஃப், டுவெக், வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தொடக்கத்திலேயே இதைப் படித்திருந்தால் இரண்டாவது வாரம் 'இது எனக்கு ஒத்துவராதோ' என்று அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சரி, முடிவு: வேலையை விடவில்லை. வாரம் மூன்று நாளாகக் குறைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து மற்ற நாட்கள் பட்டறைக்கு. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.