அப்பாவுக்கு எழுத்து வரவில்லை, மகனுக்கும் அப்படித்தானா?

பாம்பன் அம்மா:
மூன்றாம் வகுப்பு மகன் வாசிக்கத் திணறுகிறான். சூறை, சீலா, பாறை என்று வலையில் விழும் மீனுக்கெல்லாம் பேர் சொல்வான், வாய் ஓயாமல் கதை சொல்வான். ஆனால் 'படகு' என்று எழுதிக் கொடுத்தால் எழுத்துக் கூட்ட வரவில்லை. கடலுக்குப் போகிற அவன் அப்பாவும் எழுத்து வராமல்தான் பள்ளியை விட்டார். இது ரத்தத்திலேயே வருவதா? நான் சொல்லிக்கொடுத்துப் பயன் உண்டா?

மண்டபம் டீச்சர்:
கண்டிப்பாக உண்டு அக்கா. வாசிப்புத் திணறல் குடும்ப வழியில் வருவது உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994–96இல் பிறந்த இரட்டையர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மரபணு ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரட்டையர், மரபணு பாதி மட்டும் ஒத்த இரட்டையரைவிட வாசிப்பில் அதிகம் ஒத்திருந்தார்கள். அதனால் வாசிப்பில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று கணக்கிட்டார்கள். ஆனால் சிறு வயதுப் பேச்சில் வீட்டுச் சூழலின் பங்கு பெரிது. மரபணுக் கணக்கு ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. உங்கள் மகன் இவ்வளவுதான் படிப்பான் என்று அது சொல்லாது. முதலில் கண், காது பாருங்கள். அப்புறம் ஒலியையும் எழுத்தையும் சேர்த்து தினமும் கொஞ்சம் பழக்குங்கள்.

கீழக்கரை வாப்பா:
என் மகளுக்கும் இதேதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு, மதிப்பீடு செய்யக் கேளுங்கள். பிள்ளையைச் சோம்பேறி என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

பாம்பன் அம்மா:
சரிங்க. டீச்சர், எந்த எழுத்திலிருந்து தொடங்கட்டும்?