ஏர்த் கிளாம்ப் சுடுது: வெல்டிங் கேபிளின் தடையை எப்படி அளக்கிறது?

வாழைச்சேனை
200 அம்பியர் இன்வேர்ட்டர் மெஷின். ஹோல்டர் கேபிள், ஏர்த் கேபிள் ரெண்டும் 25 மீற்றர். 25 சதுர மி.மீ. எண்டு அடிச்சிருக்கு. ட்ரெக்டர் பெட்டிக்கு 3.2 மி.மீ. ரொட், 120 அம்பியரில ஒட்டக்குள்ள ஆர்க் விட்டுவிட்டுப் பிடிக்குது. ஏர்த் கிளாம்பில (ஒட்டுற இரும்பைக் கடிக்கிற கவ்வி) கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. மல்டிமீற்றர் ரெண்டு கேபிளுக்கும் 0.3 ஓம்தான் காட்டுது. பிழையை எப்படிப் பிடிக்கிறது?

கல்முனை
மீற்றர் முனை ரெண்டையும் ஒண்டோடொண்டு தொட்டுப் பாருங்க தம்பி, அப்பவும் 0.3 தான் வரும். அது மீற்றர் வயரின்ட தடை. கேபிளில உண்மையா 0.3 ஓம் இருந்தா 120 அம்பியருக்கு 36 வோல்ற் அதிலேயே விழும், ஆர்க் நிண்டிருக்காது. 25 சதுர மி.மீ. செம்பு, 25 மீற்றருக்கு ஏறக்குறைய 19 மில்லி ஓம். அதை ஓம் பக்கத்தில பார்க்க ஏலாது. கரண்ட் ஓடவிட்டு, விழுற மில்லிவோல்ற்றைத்தான் அளக்கணும்.

கேபிளை மெஷினில இருந்து கழட்டுங்க. 12 வோல்ற் பற்றரி, 55 வொற் ஹெட்லைட் பல்ப், இரவலாவது இன்னொரு மீற்றர் வேணும். பற்றரி பிளஸ், பல்ப், 10 அம்பியர் சொக்கட்டில போட்ட மீற்றர், கேபிளின்ட பிளக், மற்ற முனையில இருந்து பற்றரி மைனஸ். ஏர்த் கேபிள் எண்டா கிளாம்பைத் துப்பரவான தகட்டில கடிக்க விட்டு, தகட்டை மைனஸுக்குக் கொடுங்க. பல்ப் இருக்கிறதால கரண்ட் 5 அம்பியருக்குக் கிட்டத்தான் ஓடும்.

ரெண்டாம் மீற்றரை 200 மில்லிவோல்ற் டீசியில வைங்க. அதின்ட முனைகளைப் பற்றரி வயர் தொடுற இடத்தில வைக்காதீங்க, அந்தப் பொருத்தின் தடையும் சேர்ந்திடும். பிளக்கின் பித்தளையிலயும் செம்பிலயும் நேரே குத்துங்க. பிறகு பிளக், லக் (கேபிள் முனையில அமத்தி போல்ட்டில பூட்டுற காது), கிளாம்பின் தாடை எண்டு துண்டு துண்டாப் பாருங்க. மில்லிவோல்ற்றை அம்பியரால பிரிச்சா மில்லி ஓம்.

அக்கரைப்பற்று
அந்த 5 அம்பியருக்கு ஒரு கேபிளில 145 மில்லிவோல்ற்றுக்குக் கிட்ட வந்தா, அது செம்பு பூசின அலுமினியமா இருக்கலாம். முனையைச் சுரண்டிப் பாருங்க, உள்ளுக்கு வெள்ளை தெரியும். மெஷின் ஓடக்குள்ள ஓம் பக்கத்தில மீற்றரைக் கொடுக்கவே கூடாது, மீற்றர் போயிடும்.

வாழைச்சேனை
4.8 அம்பியர் ஓடுது. ஹோல்டர் கேபிள் 93 மில்லிவோல்ற். ஏர்த் முழுக்க 158. அதில லக்குக்கும் தாடைக்கும் இடையில மட்டும் 64.

கல்முனை
அங்கதான் பிழை. 64ஐ 4.8ஆல பிரிச்சா 13 மில்லி ஓம். 120 அம்பியரில 190 வொற் அளவு சூடு அந்த ஒரு பொருத்தில மட்டும். கேபிள் நல்ல செம்பு, மாத்தத் தேவையில்ல. உப்புக் காத்தில லக்குக்கும் கிளாம்புக்கும் இடையில கறள் ஏறியிருக்கும். போல்ட்டைக் கழட்டி ரெண்டு முகத்தையும் பளிச்செண்டு வரும் வரைக்கும் தேய்ங்க. லக் தளர்வா இருந்தா வெட்டிப் புதுசா அமத்துங்க, ஈயம் வைக்காதீங்க, சூட்டில உருகிடும். லக் நேரே கிளாம்பில படணும். வாஷரை நட்டுப் பக்கம் போடுங்க. சில மலிவான கிளாம்பில ஒரு தாடைக்குத்தான் கேபிள் போகும், மற்றதுக்கு ஸ்பிரிங்கும் ஆணியும்தான் பாதை. அப்படியெண்டா ரெண்டு தாடைக்கும் செம்புப் பட்டி போடுங்க. பெட்டியிலயும் பெயின்ற்றைச் சுரண்டின இடத்திலதான் கடிக்க விடணும்.

அக்கரைப்பற்று
இன்வேர்ட்டர் இந்தச் சின்ன வோல்ற் இழப்பைத் தானே சமாளிக்கும். ஆர்க் விட்டுவிட்டுப் பிடிக்கிறது, அந்தப் பொருத்து ஆடுறதால. அதைச் செஞ்சும் ஆர்க் பலமில்லாட்டி எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்க. 1.5 சதுர மி.மீ. வயர் 30 மீற்றர் இழுத்திருந்தா, 25 அம்பியருக்கு 20 வோல்ற் மெஷினுக்குப் போகமுதலே விழுந்திடும்.

வாழைச்சேனை
லக் மாத்தி, முகம் தேய்ச்சு, பட்டியும் போட்டாச்சு. அதே இடத்தில இப்ப 4 மில்லிவோல்ற். வயர் 2.5 தான், 10 மீற்றர்.