மஸ்ட் ஹேவ் போட்டால் தவறாம், ஏன்? அவசரம்

விழிபிதுங்கி:
‘வேண்டும்’ என்றால் மஸ்ட்தானே? இறந்தகாலம் என்பதால் மஸ்ட் ஹேவ் போட்டேன். சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிட்டார்கள். காலையில் மறுபடி கொடுக்க வேண்டும்.

குறுக்கெழுத்து:
முழு வாக்கியம் எங்கே?

இலக்கணப்பித்தர்:
இது அரிச்சுவடிப் பாடம். மஸ்டுக்கு இறந்தகாலம் கிடையாது, ஹேட் டு என்றுதான் எழுத வேண்டும். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

மழைத்துளி:
எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். பேசுபவரே விதிக்கும் கட்டாயம் மஸ்ட். வெளியிலிருந்து வருவது ஹேவ் டு. அதைப் பாருங்கள்.

குறுக்கெழுத்து:
நோயைக் கேட்காமல் ஆளுக்கொரு மருந்தா! வாக்கியத்தைக் கொடுங்கள்.

விழிபிதுங்கி:
மன்னிக்கவும். மொழிபெயர்ப்பு. “அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்.”

குறுக்கெழுத்து:
அடுத்த வரி?

விழிபிதுங்கி:
“ஏன் வரவில்லை?” அதுவும் தேவையா?

குறுக்கெழுத்து:
அதில்தான் எல்லாமே இருக்கிறது. ‘வந்திருக்க வேண்டும்’ தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. வாசலில் நனைந்த குடையைப் பார்த்துச் சொன்னால் ஊகம்: மஸ்ட் ஹேவ் கம். வராதவரைக் குறை சொன்னால் ஷுட் ஹேவ் கம். நீங்கள் எழுதியதைப் படித்தால், “நிச்சயம் வந்திருப்பார், ஏன் வரவில்லை?” என்று வருகிறது. ஹேட் டு இன்னும் மோசம். வேறு வழியில்லாமல் வந்தே விட்டார் என்றாகிவிடும்.

இலக்கணப்பித்தர்:
ஷுட் என்பது ஷல்லின் இறந்தகால வடிவம். ஷல் தன்மைக்கு உரியது, படர்க்கைக்கு வில். ‘அவர்’ என்பதோடு ஷுட் எப்படிப் பொருந்தும்?

மழைத்துளி:
ஐயா, அந்தப் பாகுபாடு ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்தது. அதுவும் எதிர்காலத்துக்கு. கடமையைச் சொல்லும் ஷுட் மூவிடத்துக்கும் வரும்.

இலக்கணப்பித்தர்:
ஒப்பந்தப் பத்திரங்களில் இன்றும் ஷல்தான் எழுதுகிறார்கள். பார்த்ததில்லையா?

மழைத்துளி:
பார்த்திருக்கிறேன். “வாடகைதாரர் ஷல்” என்று படர்க்கையில்!

நடுநிசி:
இடையில் ஒன்று. ‘நீங்கள் வர வேண்டியதில்லை’ என்பதற்கு மஸ்ட் நாட் எழுதினேன். அழைத்தவரே கோபித்துக்கொண்டார்.

குறுக்கெழுத்து:
கோபிக்காமல் என்ன செய்வார்? ‘வரக் கூடாது’ என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! டோன்ட் ஹேவ் டு போடுங்கள். ‘வந்திருக்க முடியாது’ என்ற ஊகத்துக்கும் மஸ்ட் நாட் உதவாது, அங்கே காண்ட் ஹேவ்.

இலக்கணப்பித்தர்:
வாடகைதாரர் விஷயம் சட்ட மொழி. அது வேறு.

விழிபிதுங்கி:
ஷுட் ஹேவ் போட்டுக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். நன்றி.