ஸ்கானைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதுமா?

நிலாவெளியான்:
திருகோணமலையில் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியராக இருக்கிறேன். இரவில் தலையில் அடிபட்டு வருபவரின் சி.டி. ஸ்கானைத் திரையிலிருந்து கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கொழும்பிலுள்ள கதிரியக்கவியல் நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இருவரும் ஒரே ஸ்கானைத் திறந்து பேசிக்கொண்டே பார்க்க மென்பொருள் கேட்டால், "படம்தான் போகிறதே, பிறகென்ன?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

உவர்மலை:
தம்பி, நான் ஓய்வுபெற்ற ரேடியோகிராபர். அப்படிச் சொல்பவரை ஒரு தடவை திரைக்கு முன்னால் உட்கார வையுங்கள். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று -1000, புதிதாகக் கசிந்த இரத்தம் ஏறக்குறைய 50 முதல் 70. இந்த எண்களில் ஒரு பகுதியைத்தான் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டுவோம். மூளையைப் பார்க்க வழமையாக அந்தப் பகுதியின் அகலம் 80, நடு 40 வைப்போம், அதாவது 0 முதல் 80 வரை. அப்போது 80க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய படலமாக இரத்தம் படிந்திருந்தால், எலும்பின் வெள்ளையோடு கலந்து தப்பிவிடும். அகலத்தை 200 வரை கூட்டுங்கள், எலும்பு வேறு இரத்தம் வேறாகப் பிரியும். மவுஸை இழுக்கிற வேலைதான். புகைப்படத்தில் அந்த எண்கள் இல்லை. கொழும்பிலிருப்பவர் தலைகீழாக நின்றாலும் கூட்ட முடியாது. போதாக்குறைக்கு, திரையில் பட்ட குழல்விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து போயிருக்கும்.

குறை நினைக்க வேண்டாம், நீங்கள் பொறுக்கிய பத்துப் படங்களைத்தான் அவர் பார்க்கிறார். பார்க்கத் தெரிந்தவருக்கு நாம் பொறுக்கிக் கொடுப்பது என்ன முறை? சேர்ந்து பார்த்தால், "இடது கை இயங்கவில்லை" என்று நீங்கள் சொன்னதும் அவர் வலப்பக்க மூளைக்குப் போவார். அவருடைய அம்புக்குறி நிற்கும் இடம் உங்கள் திரையிலும் தெரியும்.

கிண்ணியா வலை:
ஸ்கானின் ஒரு வெட்டு, அதாவது ஒரு குறுக்குப் படம், 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், அரை மெகாபைட். 300 வெட்டென்றால் 150 மெகாபைட். மாரி மழையில் எங்கள் இணைப்பு அதற்குத் தாங்காது. ஆனால் கோப்பு முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. சேவையகத்தில் வைத்துவிட்டு, நிபுணர் பார்க்கும் வெட்டை மட்டும் அவரது உலாவிக்கு அனுப்பலாம். ஓர்தாங்க் என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்ல தொடக்கம். ஸ்கான் சேமிக்கப்படும் டைகாம் கோப்புக்குள்ளேயே நோயாளியின் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். வெளியே விடுமுன் இலக்கமாக மாற்றுங்கள்.

நிலாவெளியான்:
நன்றி ஐயா. பக்கவாத நோயாளிகளுக்கும் இது உதவுமா?

உவர்மலை:
அங்கேதான் அவசரமே. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் இரத்தக்கசிவு இல்லையென்று ஒருவர் உறுதியாகச் சொல்ல வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து அதைச் சொல்லத் துணிவாரா என்று உங்கள் நிபுணரிடமே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலோடு நிர்வாகத்திடம் போங்கள்.