அமர்நிலை, அமருயரம், மடிபுள்ளி: ஓட்டுநர் சீட்டுக்குச் சொல் தேடி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கார் ஓட்டப் பழகுபவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாடமே, வண்டியைக் கிளப்பும் முன் சீட்டைச் சரிசெய்துகொள்வது பற்றியது. அங்கேயே சிக்கிக்கொண்டேன். 'டிரைவிங் பொசிஷன்' என்பதற்கு 'ஓட்டுநர் இருக்கை நிலை' என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், "சீட்டு முன்னால் கிடக்கிறதா பின்னால் கிடக்கிறதா, அதைத்தானே சொல்கிறீர்கள்?" என்றார். அது இல்லை. கால் பெடலை எட்டுவது, கை ஸ்டியரிங்கைப் பிடிப்பது, கண் சாலையைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து, ஆள் உட்கார்ந்திருக்கும் விதத்தைச் சொல்ல வந்தேன்.

'சீட் ஹைட்' என்பதற்கு 'இருக்கை உயரம்' வைத்திருக்கிறேன். அதில் பிரச்சினை இருக்காது. 'ஹெட்ரெஸ்ட்' என்பதற்குப் 'பிடரித்தாங்கி'. இந்தச் சொல்லில் எனக்கே ஒரு தனித் திருப்தி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

> ஓட்டுநர் இருக்கை நிலை

ஐயா, மூன்றும் தனித்தனியே நல்ல சொற்கள்தான். சேர்ந்தால் குழப்பம். இருக்கை என்றதுமே நினைவு பொருளின் மேல் போய்விடுகிறது, ஆள்மேல் வருவதில்லை. 'இருப்பு நிலை' என்றால் கிடங்கில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று கேட்பது போலிருக்கும். 'அமர்வு' என்பதை மாநாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: காலை அமர்வு, மாலை அமர்வு.

மிச்சம் இருப்பது 'அமர்' என்ற வினையடி. அமர்நிலை என்று வையுங்கள். வினைத்தொகை என்பதால் அமர்ந்த, அமர்கின்ற, அமரும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். 'உட்காரும் விதம்' என்றே எழுதினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். பாடத்துக்குள் தாராளமாக எழுதலாம். ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டு எழுதவும் தலைப்பில் போடவும் ஒற்றைச் சொல் வேண்டும்.

* * *

ஓட்டுநர் எதற்கு? 'வலவன்' என்ற பழஞ்சொல் தூங்குகிறதே. வலவனமர்நிலை!

* * *

வலவனுக்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து கலந்துகொள்கிறேன். இங்கே சீட்டை முடிப்போம்.

* * *

> 'இருக்கை உயரம்' வைத்திருக்கிறேன். அதில் பிரச்சினை இருக்காது.

பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. வண்டியின் உட்புற வடிவமைப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

'இருக்கை உயரம்' என்று படிப்பவர், தரையிலிருந்து மெத்தை வரை அளப்பார். எந்தப் பொறியாளரும் அப்படி அளப்பதில்லை. ஆள் உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கிவிடும். காலி சீட்டின் உயரம் ஒன்று, அமர்ந்த உயரம் வேறொன்று. அதனால்தான் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே826 தரநிலையில், ஆளின் எடையும் வடிவமும் கொண்ட ஓர் அளவைப் பொம்மையைச் சீட்டில் உட்கார வைக்கிறார்கள். உடலும் தொடையும் மடிகிற மூட்டு எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த இடத்துக்கு 'எச் பாயிண்ட்' என்று பெயர். முடுக்கிப் பெடலின் கீழே குதிகால் ஊன்றும் இடத்திலிருந்து அந்த மூட்டு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு உயரம். வரைபடத்தில் அதை 'எச்30' என்று குறிப்போம்.

ஓட்டுபவர் எப்படி உட்காருவார் என்பதைப் பெரும்பாலும் இந்த அளவு தீர்மானித்துவிடுகிறது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் இது 20 செ.மீ.க்கும் குறைவு. கால் முன்னால் நீண்டுவிடும், முதுகு சாயும். வேன் மாதிரி உயரமான வண்டியில் 30 செ.மீ.யைத் தாண்டும். முழங்கால் மடிந்து, நாற்காலியில் உட்காருவது போலாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் 'உயரமான சீட்டு' என்று தோன்றும் வண்டியில்கூட, உள்ளே தரையும் சேர்ந்து உயர்ந்திருந்தால் காலை நீட்டித்தான் உட்கார வேண்டிவரும். ஆகவே இருக்கையின் உயரம் வேறு, அமர்ந்தவரின் உயரம் வேறு. பின்னதை 'அமருயரம்' என்று சொன்னால் இரண்டும் பிரியும்.

எச் பாயிண்டுக்கு என்ன சொல்வது? 'இடுப்புப் புள்ளி' என்று எழுதிப் பார்த்தேன். நம் வழக்கில் இடுப்பு என்றால் பெல்ட் கட்டும் இடம். மூட்டு அதற்கும் கீழே இருக்கிறது. 'இடுப்புமூட்டுப் புள்ளி' என்றால் நீளம். தமிழாசிரியர்கள் கை கொடுக்க வேண்டும்.

* * *

மடிபுள்ளி.

உடல் மடிகிற புள்ளி. உட்கார்ந்தால் மடி உண்டாகும் இடமும் அதுதான், அதனால் காதில் விழுந்ததும் கை சரியான இடத்துக்குப் போகும். ஒற்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 'மடிப்புள்ளி' என்றால் மடியில் விழுந்த கறை என்று சலவைக்குப் போட்டுவிடுவார்கள்.

அமர்நிலைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 'அமர்' என்றால் போர் என்றும் ஒரு பொருள். 'அமர்தொலைவு' என்று ஒற்றில்லாமல் எழுதினால் பெடலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருவது என்பது. அமர்க்களம் மாதிரி ஒற்றுப் போட்டு 'அமர்த்தொலைவு' என்று எழுதினால் போர்க்களம் எத்தனை காதம் என்றாகிவிடும். சில சாலைகளில் இரண்டாவது பொருளும் பொருந்தலாம்.

* * *

வணக்கம். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'பிடரித்தாங்கி' என்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பெயரைப் பார்த்தே ஆட்கள் அதைப் பிடரிக்கு நேராக இறக்கி வைப்பார்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் உடல் முன்னால் தள்ளப்படும், தலை பின்தங்கும். தாங்கி கழுத்துக்கு நேராக இருந்தால் தலை அதன் மேல் மடிந்து பின்னால் போகும். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு, முடியாவிட்டால் காதின் மேல்விளிம்பு மட்டத்துக்காவது வர வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு முறை எனக்கே இடி விழுந்தது. மூன்று வாரம் கழுத்துப் பட்டை. தாங்கியை ஏற்றி வைக்கச் சோம்பல்பட்டதற்குக் கிடைத்த கூலி. 'தலைத்தாங்கி' போதும். 'தலைச்சாய்ப்பு' என்றும் வேண்டாம், அது ஓய்வெடுக்க வைத்த சாமான் இல்லை.

அமருயரம் நல்ல சொல். ஆனால் அதை எப்படிப் பார்ப்பது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் பலர் சீட்டைத் தாழ்த்தியே வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் பாதுகாப்பு என்ற நினைப்பில். பானெட் மறைக்கும் தரை அதிகமாகிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கண் தரையிலிருந்து 1.10 மீட்டரில் இருக்கிறது, கண்ணுக்கு 1.5 மீட்டர் முன்னால் பானெட்டின் விளிம்பு 0.90 மீட்டர் உயரத்தில் மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து 8 மீட்டருக்குச் சற்று அப்பால்தான் தரை தெரியத் தொடங்கும். சீட்டை 5 செ.மீ. ஏற்றினால் 7 மீட்டருக்குள்ளேயே தெரியும். அந்த ஒரு மீட்டர் சொச்சத்தில் ஒரு குழந்தை நிற்கலாம்.

அதற்காக ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். தொடை ஸ்டியரிங்கில் இடிக்கக் கூடாது.

உயரத்தை முதலில் வைத்துவிட்டு அப்புறம்தான் முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்வேன். ஏற்றினால் பெடல் கொஞ்சம் தள்ளிப்போகும், திரும்ப இழுத்துப்போட வேண்டிவரும். பின்பக்கத்தைச் சீட்டின் மூலை வரை தள்ளி உட்கார்ந்து, கிளட்சைக் கடைசி வரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கிளட்ச் இல்லாத வண்டியில் பிரேக்கை அழுத்திப் பார்க்கலாம். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் விழுந்தால் கைக்கும் சரி. நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவில் உள்ள காற்றுப்பைக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும். குட்டையானவர்களுக்கு இது சிரமம். சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்தோ ஸ்டியரிங்கைத் தள்ளியோ இடம் உண்டாக்கலாம். ரொம்பச் சாய்த்துவிட்டால் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றை நெரிக்கும். அதற்கும் உங்களிடம் ஒரு சொல் இருந்தால் கொடுங்கள்.

கடைசியாக, 'அமர்தொலைவு' என் மாணவர்கள் வாயில் நுழையாது. நான் "கால் எட்டுதா? கை எட்டுதா?" என்றுதான் கேட்பேன். அதையே காலெட்டம், கையெட்டம் என்றால் என்ன?

* * *

> காலெட்டம், கையெட்டம்

அம்மா சொன்னதுதான் இந்த இழையிலேயே நல்ல சொல். ஒரே ஒரு தடை. சில வட்டாரங்களில் 'எட்டம்' என்றால் தூரம். "எட்டமா இருக்கு" என்றால் கைக்கு எட்டாமல் இருக்கிறது என்று பொருள். அந்த ஊர்க்காரருக்குக் காலெட்டம் தலைகீழாகக் கேட்கும்.

பெல்ட்டுக்கு அடியில் போவதற்கு 'அடிநழுவல்' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் இதை 'சப்மரினிங்' என்கிறார்கள். 'நீர்மூழ்குதல்' என்று யாராவது நேர்பெயர்ப்பு செய்வதற்குள் இதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

* * *

தூரம் என்றாலும் கெட்டுப்போகவில்லை. காலுக்கு உள்ள தூரம், கைக்கு உள்ள தூரம். அளவுதானே கேட்கிறோம்? நான் காலெட்டத்தின் பக்கம்.

இன்னொன்றும் சொல்ல மறந்தேன். பல வண்டிகளில் சீட்டு நகரும் தண்டவாளம் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். முன்னால் இழுத்தால் மடிபுள்ளி தானாகவே கொஞ்சம் மேலேறும், குட்டையானவர்களுக்கு உதவியாக. அதனால் அம்மா சொன்ன வரிசையில் ஏற்றியதும், இழுத்ததும், மறுபடி ஒரு முறை உயரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுநர்களின் கண்கள் எந்தப் பரப்புக்குள் அமையும் என்பதைக் காட்ட, 1960களிலிருந்து 'ஐலிப்ஸ்' என்ற ஒட்டுச்சொல் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணையும் நீள்வட்டத்தையும் ஆங்கிலத்தில் ஒட்டிச் செய்தது. தமிழில் ஒட்டினால் 'கண்ணீள்வட்டம்'. வேகமாகப் படித்தால் கண்ணீர்வட்டம். அலுவலகத்தில் சிரித்துவிட்டார்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. கையேட்டுக்கு ஐலிப்ஸ் தேவைப்படாது, தப்பித்தேன். பிடரித்தாங்கியை அடித்துவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான். 'இருக்கை உயரம்' லிவரின் படத்தில் மட்டும் இருக்கும். பாடத்தின் தொடக்கம் இப்போது இப்படி:

"அமர்நிலை என்பது சீட்டின் இடம் அல்ல, உங்கள் உடலின் இடம். முதலில் அமருயரம், பிறகு காலெட்டம், பிறகு சாய்மானம், கையெட்டம். சீட்டு நகர்ந்ததால் அமருயரத்தை இன்னொரு முறை பாருங்கள். தலைத்தாங்கியையும் கண்ணாடிகளையும் கடைசியில் வையுங்கள். நடுவில் ஒன்றை மாற்றினால் அவை இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்."

மடிபுள்ளியைப் படத்தில் ஒரு வட்டம் போட்டுக் குறித்திருக்கிறேன். பழகுபவர்களுக்குப் புரியுமா என்பதுதான் சந்தேகம்.

* * *

இன்று காலை வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். புதிதாக வந்த ஒருவரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல், "காலெட்டம் சரியா?" என்று கேட்டேன். கிளட்சை மிதித்துப் பார்த்துவிட்டு, சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "கையெட்டம்?" ஸ்டியரிங்கை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார்.

மடிபுள்ளிக்குச் சிரித்தார். ஆனால் கை சரியான இடத்தைத்தான் தொட்டது.