மணல் தீவில் ஒரு கரும்பாறை: கர்ரியில் கண்டது

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரத்தில், ஃபிரேசர் தீவு என்று நெடுங்காலம் வழங்கப்பட்டு, 2023-இல் அதன் பழங்குடிகளான பட்சுல்லா மக்களின் பழம்பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்ற கர்ரித் தீவுக்குச் சென்றிருந்தபோது கண்டதை இங்கே பகிர்கிறேன். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள இது, உலகின் மிகப் பெரிய மணல் தீவு. இந்தியன் ஹெட் போன்ற சில எரிமலைப் பாறை முனைகளை விட்டால், காணுமிடமெல்லாம் மணல்தான். அப்படியிருக்க, கிழக்குக் கரையில் போயுங்கன் என்னுமிடத்தில் கரிய பாறைத் திட்டுகள் வழிமறித்தது எனக்கு வியப்பாக இருந்தது.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். எங்களை அழைத்துச் சென்றவர் வண்டியை நிறுத்திவிட்டு, திட்டின் விளிம்பை நகத்தால் கீறிக் காட்டினார். பழுப்பு நிற மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்குள்ளோர் இதைக் காப்பிப் பாறை என்கிறார்கள். பார்வைக்கும், மோதும் வண்டிச் சக்கரத்துக்கும் இது பாறைதான். ஆனால் இதன் உடல் மணல், அதைப் பிணைத்திருக்கும் பசை மட்கிய இலைதழை.

மேட்டு மணலில் வளரும் மரஞ்செடிகளின் சருகும் வேரும் மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களை மழைநீர் கரைத்துக்கொண்டு கீழிறங்குகிறது. வழியில் அவை மணல் துகள்களின் மேற்பூச்சாக இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி இழுத்துச் செல்வதால், மேலே எஞ்சுவது நிறமிழந்த தூய குவார்ட்ஸ் மணல் மட்டுமே. உலோகச் சுமை கூடக் கூட அந்தக் கரிமக் கூட்டுப்பொருள் நீரில் கரைந்திருக்க இயலாமல் ஓர் ஆழத்தில் படிகிறது. நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டியும் இவ்வாறு படிவதுண்டு. படிந்தது ஒவ்வொரு மணியையும் கறுப்பாகப் போர்த்தி, மணிக்கும் மணிக்கும் இடையே பாலமிட்டு, நெடுங்காலத்தில் இறுகுகிறது. ஆகவே சுற்றுலாப் படங்களில் பளிச்சிடும் வெள்ளை மணலையும் யாரும் படமெடுக்காத இந்தக் கருந்திட்டையும் ஒரே வினையின் இரு பக்கங்களாகவே நான் பார்க்கிறேன்.

நிலத்தடியில் உருவானதைக் கரையரிப்புதான் வெளிக்கொணர்கிறது. புயல் மணலை வாரிச் சென்றால் திட்டு தலைகாட்டும். பிறகு அலைகள் மணலைக் கொண்டுவந்து சேர்த்தால் மறைந்துவிடும். (திட்டு வெளிப்பட்டிருக்கும் நாள்களில் அதன்மேல் வண்டியேற்றாமல் சுற்றுவழியில் போவதே நல்லது.)

தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தில் உள்ள கூலூலா மணல்மேடுகளில் இதன் வளர்ச்சியைக் காலவரிசையாகவே பார்க்கலாம். மேலே வெளுத்த மணலும் கீழே கரிய படிவுமாக அமைந்த இந்த மண்ணடுக்கு, இளம் மேடுகளில் அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் முடிந்துவிட, மிகப் பழைய மேடுகளில் 25 மீட்டரையும் தாண்டுகிறது. சத்துகள் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், நடுத்தர வயதுள்ள மேடுகளில் ஓங்கி நிற்கும் காடு, பழைய மேடுகளில் குட்டைப் புதராகச் சுருங்கிவிடுகிறது. காலம் செல்லச் செல்லக் காடு செழிக்கும் என்றே எண்ணிப் பழகிய எனக்கு, பாறையைவிட இதுவே பெரிய வியப்பு.

மறுமொழி:

நண்பரின் பகிர்வோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதே தீவின் பூமஞ்சின் ஏரியில் நான் குளித்திருக்கிறேன். தேநீர் வடித்ததுபோன்ற நிறமுள்ள அந்த நீரில் இடுப்பளவு இறங்கினால் பாதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அழுக்கன்று, சருகிலிருந்து இறங்கிய சாயம். ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, மணலின்மீது தேங்கி நிற்பது. மழைநீரை உறிஞ்சிவிட வேண்டிய மணல் அதைத் தாங்கி நிற்பதற்கும் காரணம், நீங்கள் சொன்ன அதே பிணைப்புதான்: கரிமப்பொருளால் இறுகிய அடுக்கு ஏரிக்குத் தளமாக அமைந்து, நீர் கீழே வடிந்துவிடாமல் தடுக்கிறது. அமிலத்தன்மையும் சத்துக்குறைவும் கொண்ட இத்தகைய நீரில் மீன் வகைகள் மிகக் குறைவு. ஆனால் அமிலத் தவளைகள் என்று அழைக்கப்படும் சில இனங்கள் இதையே தேர்ந்து முட்டையிடுகின்றன.